தேங்குநீரில் மீன்வளம்

நுழையும்முன்

தமிழகத்தின் நீளமான கடற்கரையும் அங்கு வாழும் மீனவர்தம் உழைப்பும் நாம் நன்கறிந்தவை. ஏரியிலும் அணையிலும் பரிசல் செலுத்தி மீன்பிடித்து வாழும் மக்களைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. பாசனத்திற்காகவும் குடிநீருக்காகவும் தேக்கப்பட்ட நீரில் மீன் எவ்வாறு வாழ்கிறது? அதனைப் பெருக்குவது எப்படி? பொதுநீரில் வளரும் மீன் யாருக்கு உரியது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

அடையாற்றின் மேற்புறம்

சென்னையில் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே அடையாறு ஓடுகிறது. மறைமலை அடிகள் பாலத்தின்மேல் நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் அவ்வாற்றைக் கடந்து செல்கின்றனர். கழிவு கலந்து கருமை பூண்ட அந்நீரைக் காண்போர்க்கு, அதில் மீன் வாழும் என்னும் எண்ணமே எழுவதில்லை. ஆயினும், அவ்வாற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றால் வேறொரு காட்சியைக் காணலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைக்கு அருகில் அடையாற்றில் கலக்கிறது. முழுமையாக நிரம்பும்போது 3,645 மில்லியன் கனஅடி நீரைத் தாங்கும் அவ்வேரி, சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்நிலைகளுள் ஒன்று. புழலும் சோழவரமும் 1944ஆம் ஆண்டு கொசத்தலை ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

இந்நீர்நிலைகளை நாம் குடிநீரின் அளவைக் கொண்டே மதிப்பிடுகிறோம். எத்தனை அடி நீர் உள்ளது, எத்தனை மாதங்களுக்குப் போதும் என்பனவே நாளிதழ்ச் செய்திகளாகின்றன. அந்நீருக்குள் மற்றோர் உலகம் இயங்குகிறது. நுண்ணிய பாசி முதல் ஆளுயர வாளை மீன்வரை ஒன்றையொன்று சார்ந்து வாழும் உயிர்த்தொடர் அது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றோடு மேட்டூர், பவானிசாகர், சாத்தனூர், வைகை, ஆழியாறு, அமராவதி முதலிய நீர்த்தேக்கங்களையும் குளங்களையும் சேர்த்தால், உள்நாட்டு நீர்ப்பரப்பு மூன்றரை லட்சம் ஹெக்டேருக்கும் மிகுதியாகும். உழவு நிலத்தைப் போலவே இந்நீர்ப்பரப்பும் உணவு தரும் நிலமாகும்.

இலக்கியமும் கல்வெட்டும்

தேங்குநீரில் மீன்பிடிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்துப் பரதவர் கடல்மீன் பிடித்தனர் என்றால், மருத நிலத்துப் பாணர் குளத்திலும் வயலிலும் மீன்பிடித்தனர். பாணர் மகளிர் அம்மீனை ஊருக்குள் கொண்டு சென்று தானியத்திற்கு மாற்றினர். வராலைச் சொரிந்த வட்டியில் இல்லத்தலைவி பழைய வெண்ணெல்லை நிறைத்தனுப்பும் காட்சியை ஐங்குறுநூற்றில் காணலாம். வரால், வாளை, கெண்டை, கெளிறு, ஆரல், அயிரை, சேல், கயல் என நன்னீர் மீன்களுக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்களுள் பல இன்றும் வழக்கில் உள்ளன. கெளிறு கெளுத்தியாகவும் வரால் விராலாகவும் திரிந்து நம் சந்தைகளில் ஒலிக்கின்றன.

இடைக்காலக் கல்வெட்டுகள் மற்றொரு செய்தியைத் தருகின்றன. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட தொகை 'பாசிப்பாட்டம்', 'மீன்பாட்டம்' முதலிய பெயர்களால் குறிக்கப்பட்டது. அவ்வாறு கிடைத்த வருவாயைக் கொண்டே ஏரியைத் தூர்வாரிப் பேணுமாறு ஏற்பாடு செய்த ஊர்களும் உண்டு. இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஏரி மீனைத் தந்தது. மீன் தந்த பொருள் ஏரியைக் காத்தது. தூர்வாரப்பட்ட ஏரியில் நீர் பெருகியது. நீர் பெருகவே நெல்லும் மீனும் பெருகின. நீர்நிலையின் வருவாய் அந்நீர்நிலைக்கே திரும்பிய ஒழுங்குமுறை அது.

தெரியுமா?

ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவதை இன்றும் 'மீன்பாசி குத்தகை' என்றே அழைக்கின்றனர். கல்வெட்டில் காணப்படும் 'பாசி' என்னும் சொல், ஊராட்சி அலுவலகத்தின் ஏல அறிவிப்பிலும் இடம்பெற்றிருப்பது மொழியின் தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

ஆறு ஏரியாகும்போது

இயற்கையாக அமைந்த ஏரிக்கும், ஓடும் ஆற்றைத் தடுத்து உருவாக்கிய நீர்த்தேக்கத்திற்கும் வேறுபாடு உண்டு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள மேட்டூர் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

காவிரியின் குறுக்கே மேட்டூர் அணையைக் கட்டும் பணி 1925ஆம் ஆண்டு தொடங்கி 1934ஆம் ஆண்டு நிறைவுற்றது. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் அது ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப் பெயர்பெற்றது. அதன் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி. நிரம்பிய நிலையில் நீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர். இப்பெரும் பரப்பு முன்னர் ஊராகவும் வயலாகவும் காடாகவும் இருந்த இடம். நீர்மட்டம் பெரிதும் குறையும் கோடையில் பண்ணவாடிப் பகுதியில் பழைய தேவாலயத்தின் கோபுரமும் நந்தி சிலையும் நீருக்கு வெளியே தலைகாட்டுவதை இன்றும் காணலாம்.

நிலம் நீருக்குள் மூழ்கும்போது அதிலுள்ள புல், இலை, எரு, மண்ணின் உரச்சத்து ஆகிய யாவும் நீரில் கரைகின்றன. அச்சத்தை உண்டு பாசியும் கண்ணுக்குப் புலப்படாத மிதவை உயிரிகளும் பல்கிப் பெருகுகின்றன. அவற்றை உண்ணும் புழுபூச்சிகளும் மீன்களும் பெருகுகின்றன. இதனால் புதிய நீர்த்தேக்கத்தில் முதற்சில ஆண்டுகளில் மீன் மிகுதியாகக் கிடைக்கும். மூழ்கிய நிலத்தின் சத்து தீர்ந்ததும் விளைச்சல் சரியும்; பின்னர்த் தாழ்ந்ததொரு நிலையில் நிற்கும். உலகின் பல நாடுகளிலும் புதிய நீர்த்தேக்கங்களில் அறிஞர்கள் கண்ட பொதுப்போக்கு இது. முதற்சில ஆண்டுகளின் பெருவிளைச்சலை நிலையானதெனக் கருதித் திட்டமிடுவோர் பின்னர் ஏமாற்றமடைய நேரும்.

நீர்த்தேக்கத்தின் மற்றோர் இயல்பு, அதன் நீர்மட்டம் ஓயாது ஏறியிறங்குவதாகும். மேட்டூரிலிருந்து காவிரிப் படுகையின் பாசனத்திற்கு ஜூன் 12ஆம் நாள் நீர் திறப்பது மரபு. மழை பெய்து நீர்வரத்து மிகுந்தால் மட்டம் உயரும். திறப்பு மிகுந்தால் தாழும். கரையோரத்து ஆழமற்ற நீரிலும் அங்கு முளைத்த செடிகொடிகளிலும் முட்டையிடும் மீன்களுக்கு இம்மாற்றம் இடர் தருவது. முட்டை பொரிவதற்குள் நீர் இறங்கிவிட்டால், அவை கரையிலேயே காய்ந்து அழியும். நீரைத் திறக்கும் முடிவைப் பாசனத்தின் தேவையும் குடிநீரின் தேவையுமே வகுக்கின்றன. மீனின் தேவை அதன்பின்னரே எண்ணப்படுகிறது. ஆகவே, நீர்த்தேக்க மீன்வளம் என்பது பிறிதொரு நோக்கத்திற்காகத் தேக்கிய நீரில் மேற்கொள்ளப்படும் துணைத்தொழிலாகும்.

வழி மறிக்கப்பட்ட மீன்கள்

அணை, நீரை மட்டும் தடுப்பதில்லை. மீனின் வழியையும் தடுக்கிறது. உல்லம் என்றும் இல்சா என்றும் வழங்கும் மீன் கடலில் வாழ்வது. முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறி வருவது. கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் அது முன்னர் ஏறி வந்தது. ஆற்றின் குறுக்கே அமைந்த தடுப்பணைகளும் மேட்டூர் அணையும் அதன் பயணத்தை முடக்கின. காவிரியில் அம்மீன் அருகிப்போனதற்கு அணைகள் முதன்மைக் காரணம் என மீன்வள அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர்.

காவிரிக்கே உரிய கெண்டை வகைகளும் இவ்வாறே குறைந்தன. கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை முதலியவை ஓடும் நீருக்குப் பழகியவை. வெள்ளம் பெருகும் காலத்தில் நீரை எதிர்த்து ஏறி, ஆழமற்ற வெள்ளப்பரப்பில் முட்டையிடும் இயல்புடையவை. ஆறு தேக்கமாக மாறியபோது அவற்றின் வாழ்விடம் சுருங்கியது.

காவிரிப் படுகையின் திமிலுடைய மாசீர் மீனின் நிலை மேலும் கவலைக்குரியது. 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய மாசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுடையதாக இருந்தது. உலகப் புகழ்பெற்ற அவ்வினம் மிகவும் அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பட்டியலில் 2018ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வந்து கலக்கும் மோயாறு, அவ்வினம் எஞ்சியிருக்கும் மிகச்சில இடங்களுள் ஒன்று. அணைக்கு மேலே ஓடும் காட்டாறு தூய்மையாகவும் தடையின்றியும் இருந்தால்தான் அவ்வினம் பிழைக்கும்.

மீன்விதை என்னும் திருப்பம்

1907ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை தொடங்கப்பட்டது. இந்தியக் கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்ட அறிக்கையை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன் அதன் தொடக்ககால வழிகாட்டியாக விளங்கினார். காவிரியில் இயற்கையாக இல்லாத கட்லா மீனைக் கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விடும் முயற்சியை அத்துறை பின்னர் மேற்கொண்டது. விரைந்து வளரும் அம்மீன் மேட்டூரில் நிலைபெற்று, அங்கு பிடிபடும் முதன்மை மீன்களுள் ஒன்றாயிற்று.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வளர்ப்புக்கு ஏற்ற பெருங்கெண்டைகள். ஆயினும், அவை தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. வெள்ளம் புரளும் ஆறே அவற்றின் மகப்பேற்று இல்லம். ஆகவே, மழைக்காலத்தில் ஆற்றில் மிதந்து வரும் முட்டைகளையும் குஞ்சுகளையும் திரட்டி வெகுதொலைவு கொண்டு செல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவ்வாறு திரட்டியவற்றில் வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கலந்திருந்தன. வழியில் இறந்தவையும் பல.

இச்சிக்கலுக்கு 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் தீர்வு பிறந்தது. ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்னும் அறிவியலாளர் மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைக் கெண்டை மீனுக்கு ஊசிவழிச் செலுத்தி, தேங்கிய நீரிலேயே முட்டையிடச் செய்தார். தூண்டுமுறை இனப்பெருக்கம் எனப்படும் இம்முறை, மீன்விதைக்காக ஆற்றை எதிர்நோக்கும் நிலையை மாற்றியது. அரசு மீன்பண்ணைகளில் குஞ்சு பொரித்து, வளர்த்து, நீர்த்தேக்கங்களில் விட இயன்றது. அந்நாளையே தேசிய மீன் விவசாயிகள் தினமாக இந்தியா ஆண்டுதோறும் கொண்டாடுகிறது.

மூன்று அடுக்கு உணவு

பெருங்கெண்டைகள் மூன்றையும் சேர்த்து வளர்ப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்துள்ளது. அது நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்கிறது. ரோகு நீரின் நடுப்பகுதியில் மேய்கிறது. மிர்கால் அடிமண்ணில் படியும் மட்கிய பொருள்களை உண்கிறது. ஒரே நீரில் மூன்று அடுக்குகளில் மூன்று மீன்கள் தத்தம் உணவைத் தேடுவதால், ஒன்றுக்கொன்று பெரும்போட்டி எழுவதில்லை. ஒரே நிலத்தில் நெட்டைப் பயிரையும் குட்டைப் பயிரையும் கிழங்கையும் ஊடுபயிராக வளர்க்கும் உழவரின் அறிவோடு இதனை ஒப்பிடலாம்.

எண்ணற்ற குஞ்சுகளை நீரில் விட்டுவிட்டால் மட்டும் விளைச்சல் பெருகுமா? பெருகாது. வாளையும் விராலும் கெளுத்தியும் குஞ்சுகளை உணவாக்கிக்கொள்ளும். மிகச் சிறிய குஞ்சுகளை விட்டால், அவற்றுள் பெரும்பாலானவை ஓரிரு நாள்களிலேயே இரையாகும். ஆகவே, விரலளவுக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளை விடுவதே அறிவுடைமை. குஞ்சுகள் வளர்வதற்குப் போதிய காலம் தருதலும் இன்றியமையாதது.

பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஆழியாறு நீர்த்தேக்கம் இதற்குச் சான்று பகர்கிறது. ஏறத்தாழ 650 ஹெக்டேர் பரப்புடைய அதில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் எளிய சில நெறிகளை நடைமுறைப்படுத்தினர். சற்றுப் பெரிய குஞ்சுகளை விட்டனர். வலையின் கண்ணி அளவை வரையறுத்தனர். வளர்ச்சி பெறாத பெருங்கெண்டைகளைப் பிடிப்பதைத் தடுத்தனர். இதன் பயனாக, ஓராண்டில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 190 கிலோ என்னும் அளவுக்கு விளைச்சல் உயர்ந்தது. அது முந்தைய அளவைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாகும். புதிய எந்திரமோ பெரும் முதலீடோ இன்றி, பொறுமையும் ஒழுங்கும் தந்த வெற்றி இது.

வலையும் பரிசலும்

நீர்த்தேக்க மீனவரின் ஊர்தி பரிசல். மூங்கிலை வட்டமாகப் பின்னி, நீர் புகாதவாறு வெளிப்புறத்தை மூடி அமைக்கப்படுவது அது. முன்னர்த் தோல் போர்த்தினர். இன்று நெகிழித் தாளும் தாரும் பயன்படுகின்றன. ஆழமற்ற நீரிலும், மூழ்கிய மரங்களும் பாறைகளும் நிறைந்த நீரிலும் எளிதாகச் செல்வதும், கரையேறியதும் ஒருவரே தலைமேல் கவிழ்த்துத் தூக்கிச் செல்லத்தக்கதும் பரிசலின் சிறப்புகள்.

மாலை மங்கும் வேளையில் பரிசலில் சென்று வலையை நீரில் விரித்துவிட்டு, விடியற்காலையில் எடுப்பது வழக்கம். பெரும்பாலும் பயன்படுவது செவுள்வலை. நீருக்குள் சுவர்போல் தொங்கும் அவ்வலையின் கண்ணியில் மீன் தலையை நுழைக்கும், உடல் நுழையாது, பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும். இவ்வமைப்பில் ஓர் அறம் பொதிந்துள்ளது. கண்ணி பெரிதாயின் சிறுமீன் தப்பிச்சென்று வளரும், இனம் பெருக்கும். கண்ணி சிறிதாயின் நாளைய மீனும் இன்றே பிடிபடும். கண்ணியின் அளவை வரையறுக்கும் விதி, மீனவரின் இன்றைய வருவாயைக் குறைப்பதுபோல் தோன்றினும், அவருடைய அடுத்த ஆண்டு வருவாயைக் காப்பதாகும்.

வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன்பிடிப்பது இதற்கு நேர்மாறானது. அது பெரிது சிறிது பாராமல், உண்பது உண்ணாதது பாராமல் அனைத்துயிரையும் அழிக்கும். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இவ்விரண்டையும் குற்றமெனத் தடைசெய்தது. குடிநீருக்குரிய நீர்நிலையில் நஞ்சு கலப்பது மீனோடு மனிதரையும் வருத்தும் தீச்செயலாகும்.

தூண்டில் மீன்பிடித்தல்

வலை தொழிலுக்கு உரியது எனில், தூண்டில் தொழிலுக்கும் பொழுதுபோக்கிற்கும் பொதுவானது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் 1873ஆம் ஆண்டு இந்தியாவில் தூண்டில் மீன்பிடித்தல் குறித்து நூல் ஒன்றை வெளியிட்டார். ஏரி, குளங்களில் தூண்டிலிடுவது குறித்துத் தனியே மற்றொரு நூலும் எழுதினார். வட அமெரிக்காவின் புல்வெளிச் சமநிலங்களில் பாசனத்திற்கென அமைந்த நீர்த்தேக்கங்களில் இன்று தூண்டில் மீன்பிடித்தல் பெரும் பொழுதுபோக்காக விளங்குகிறது. அங்கு உரிமம் பெற்றோரே தூண்டிலிடலாம். ஒரு நாளைக்கு இத்தனை மீன், இந்த அளவுக்குக் குறைந்ததை மீண்டும் நீரில் விட வேண்டும் என்னும் விதிகளும் உண்டு. சென்னையில் சேத்துப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுற்றுச்சூழல் பூங்காவில் தூண்டிலிடுவதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. நகர மக்கள் நீர்நிலையின்பால் மீண்டும் உறவு கொள்ள இத்தகைய முயற்சிகள் துணைசெய்யும்.

மீன் யாருக்கு உரியது?

கடலில் மீன் பிடிப்போர்க்கு உரியது. வயலில் நெல் விதைத்தவர்க்கு உரியது. அரசு கட்டிய அணையில், அரசு விட்ட குஞ்சு வளர்ந்து, மீனவர் வலையில் சிக்கும்போது அது யாருக்கு உரியது? இவ்வினாவிற்கு நடைமுறையில் மூன்று விடைகள் உள்ளன.

முதலாவது குத்தகை முறை. மிகுந்த தொகைக்கு ஏலம் எடுப்பவர் குறிப்பிட்ட காலத்திற்கு மீன்பிடி உரிமை பெறுகிறார். அரசுக்கோ ஊராட்சிக்கோ வருவாய் உறுதியாகக் கிடைக்கும். ஆயினும், குத்தகைக் காலம் முடிவதற்குள் இட்ட முதலை மீட்க விரையும் குத்தகைதாரர் சிறுமீனையும் விடாமல் வழித்தெடுக்க நேரும். ஏலத்தொகை செலுத்த இயலாத உள்ளூர் மீனவர், தம் ஊர் ஏரியிலேயே கூலிக்கு வலை வீசுவோராக மாறுவர்.

இரண்டாவது பங்கு முறை. உரிமம் பெற்ற மீனவர்கள் தாம் பிடித்த மீனை அரசு அமைப்பிடம் ஒப்படைத்து, தமக்குரிய பங்கைப் பெறுவர். 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நீர்த்தேக்கங்கள் பலவற்றின் மீன்வளத்தை மேற்கொண்டு நடத்தி வருகிறது. இம்முறையில் குஞ்சு விடுதலும் கண்ணி அளவும் ஒரே பொறுப்பில் அமையும். மீனவருக்கு உரிய பங்கு நியாயமானதாகவும் காலந்தாழ்த்தாமல் கிடைப்பதாகவும் இருந்தால்தான், மீன் கரையிலேயே கள்ளமாக விலைபோவது நிற்கும்.

மூன்றாவது, ஊர்ப்பொது முறை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் சிற்றூர்களில் கோடையில் கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், காத்திருக்கும் மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் நீரில் இறங்குவர். அடிப்பகுதி திறந்த கூம்பு வடிவக் கூடையான ஊத்தாவைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டு மீனைப் பிடிப்பர். வலையும் கச்சாவும் கூடையும் பயன்படும். விராலும் கெளுத்தியும் கெண்டையும் எவர் கையில் சிக்கினும் அவருக்கே உரியவை. சாதி, சமய வேறுபாடின்றி அயலூர் மக்களும் கலந்துகொள்ளும் இவ்விழாவில் மீன் விலைபோவதில்லை, வீட்டுக் குழம்பாகிறது. வற்றும் நீரில் எப்படியும் இறக்கவிருக்கும் மீனை ஊர் முழுவதும் பகிர்ந்துண்ணும் இவ்வழக்கம், அடுத்த மழை சிறக்கும் என்னும் நம்பிக்கையோடு பிணைந்துள்ளது.

இம்மூன்றனுள் எது சிறந்தது என ஒரே சொல்லில் கூறிவிட இயலாது. சிறு கண்மாய்க்குப் பொருந்துவது பேரணைக்குப் பொருந்தாது. ஆயினும், எம்முறையாயினும் இரண்டு வினாக்களுக்கு அது விடை கூறியாக வேண்டும். நீரை நம்பி வாழ்பவர்க்கு உரிய பங்கு கிடைக்கிறதா? நீர்நிலைக்கு அதன் வருவாயில் ஒரு பகுதியேனும் திரும்புகிறதா?

அழையா விருந்தினர்

நீர்நிலைகளில் அயல்நாட்டு மீன்களின் வரவு மற்றோர் அறைகூவலாகும். ஜிலேபிக் கெண்டை என நாம் அழைக்கும் திலேப்பியா ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1952ஆம் ஆண்டு அது இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டது. எளிய மக்களுக்கு மலிவான புரதவுணவு என்பது நோக்கம். அந்நோக்கம் ஒருவகையில் நிறைவேறவும் செய்தது. அமராவதி நீர்த்தேக்கத்தில் நெடுங்காலம் பிடிபட்ட மீனில் பெரும்பங்கு ஜிலேபியே. ஆயினும், தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதாலும், ஆண்டில் பலமுறை இனம் பெருக்குவதாலும் அது வரம்பின்றிப் பெருகியது. நெருக்கடியால் அளவில் சிறுத்தது. உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்தது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி இதனினும் கொடியது. எதையும் உண்ணும், காற்றையும் சுவாசிக்கும், சேற்றிலும் பிழைக்கும். அதனை வளர்ப்பதை அரசு தடைசெய்துள்ளது. வீட்டு மீன்தொட்டியின் கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி, பெரிதானதும் இரக்கத்தின்பேரில் ஏரியில் விடப்படுகிறது. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும் அது இன்று காணப்படுகிறது. எலும்புத்தகடுகளால் மூடிய அதன் உடல் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் அதற்கு விலையும் இல்லை. ஒருவர் செய்த சிறு செயல் ஓர் ஏரியின் மீனவர் அனைவர்க்கும் இழப்பாக முடிகிறது.

நீரைக் காப்பதே மீனைக் காப்பது

2019ஆம் ஆண்டு கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வற்றின. நான்காண்டுகளுக்கு முன் 2015ஆம் ஆண்டு டிசம்பரில், அடையாற்றங்கரைகள் அதே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரும் சேர்ந்த பெருவெள்ளத்தில் மூழ்கின. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் நிலத்தில் மீன் பிழைக்க வேண்டுமெனில், வற்றாத ஆழ்பகுதி ஒன்றேனும் நீர்நிலையில் எஞ்ச வேண்டும். தூர்வாருதலின்போது ஏரியின் நடுவே ஆழமான குழிகளை விட்டுவைத்தால், கோடையில் மீன்கள் அங்கு ஒதுங்கி உயிர்பிழைக்கும். அடுத்த மழையில் அவையே ஏரி முழுவதும் பெருகும்.

கழிவுநீர் கலப்பதைத் தடுத்தல் அதனினும் இன்றியமையாதது. மீன், நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் சுவாசிக்கிறது. கழிவு மிகும்போது அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அவ்வுயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் கூட்டமாக மேற்பரப்பில் வாய்திறந்து தவிப்பதும், செத்து மிதப்பதும் இதனாலேயே. ஆகவே, மீன் செழித்து வாழும் நீர் நலமுடைய நீர் என்பதற்கு அம்மீனே உயிருள்ள சான்றாகும். கிண்டியை ஒட்டி ஓடும் அடையாற்றில் கருமை நீங்கி உள்ளூர்க் கெண்டைகள் மீண்டும் துள்ளும் நாள் வருமாயின், அந்நாளில் நகரம் தன் கழிவைத் தானே சீர்செய்யக் கற்றுக்கொண்டது என்று பொருள்.

பாசிப்பாட்டத்தின் வருவாயால் ஏரியைத் தூர்வாரிய முன்னோர்க்கு நீரும் நெல்லும் மீனும் ஒரே கணக்கில் அடங்கின. நாமோ அவற்றைத் தனித்தனித் துறைகளின் கணக்குகளாகப் பிரித்து வைத்துள்ளோம். அணையின் நீரளவைக் காலையில் அறிவிக்கும்போது, அந்நீரில் வாழும் உயிர்களையும் அவற்றை நம்பி விடியலில் பரிசல் செலுத்தும் குடும்பங்களையும் சேர்த்து எண்ணும் பழக்கம் நமக்கு வேண்டும். குஞ்சை வளரவிடும் பொறுமையும், கண்ணியைப் பெரிதாக்கும் ஒழுக்கமும், நீரைத் தூய்மையாக வைக்கும் கடமையும் ஒன்றுசேர்ந்தால் தேங்குநீர் என்றும் உணவூட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள ஏரி அல்லது குளத்தில் கிடைக்கும் மீன்களின் பெயர்களை மீனவரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றுள் சங்க இலக்கியத்தில் இடம்பெறும் பெயர்களை அடையாளம் காண்க.

2. குத்தகை முறை, பங்கு முறை, ஊர்ப்பொது முறை ஆகியவற்றுள் உங்கள் ஊர் நீர்நிலைக்கு ஏற்றது எது என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.